ஆந்தை முத்திரை ரிவால்வர்: நூறு டாலர் துப்பாக்கியைக் கெடுக்காமல் காப்பாற்றும் வேலை

மேசைமேல் இருப்பது ஐவர் ஜான்சன் ‘சேஃப்டி ஆட்டோமேட்டிக்’, இரண்டாம் மாடல். .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவுக்கான சின்ன ஃப்ரேம், ஐந்து அறை சிலிண்டர், 3 அங்குலக் குழல், நிக்கல் முலாம். குழலையும் ஃப்ரேமையும் மேலே பூட்டிப் பிடிக்கும் லாட்ச் இறுகிக் கிடக்கிறது. சிலிண்டர் மணலை அரைப்பதுபோல் சுற்றுகிறது. குழலின் வலப்பக்கம் முலாம் கொப்பளித்து, அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கிறது. ட்ரிக்கரைச் சுற்றியிருக்கும் வளையமான ட்ரிக்கர் கார்டு முழுக்கச் செந்துரு. கைப்பிடியின் இடது பலகையில் அடிமூலை உடைந்து காணாமல் போயிருக்கிறது. இரண்டு பலகையிலும் ஆந்தைத் தலை மட்டும் முழுசாக நிற்கிறது.

இதைச் சுடுவதற்காகச் சரிசெய்யவில்லை. துரு நிற்க வேண்டும், அசைய வேண்டியவை அசைய வேண்டும், கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னும் நூறு வருடம் இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். இந்த எல்லையை முதலிலேயே போட்டுக்கொள்ளாதவர்கள்தான் பளபளப்பு சக்கரத்தில் பிடித்துத் துப்பாக்கியைக் கெடுக்கிறார்கள்.

ஏன் இந்தத் துப்பாக்கி

குறைந்த பணத்தில் பழைய ரிவால்வர் சேர்க்க நினைப்பவர்கள் கோல்ட் (Colt) கம்பெனிப் பக்கம் போனால் ஒன்று வாங்குவதற்குள் கை காலியாகிவிடும். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ், கனெக்டிகட் பகுதிகளில் ஓடிய மலிவுத் துப்பாக்கிக் கம்பெனிகளைப் பிடிப்பதுதான் வழி: ஃபிட்ச்பர்க்கின் ஐவர் ஜான்சன், வூஸ்டரின் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், அதே வூஸ்டரின் ஃபோர்ஹேண்ட் அண்ட் வாட்ஸ்வொர்த், நார்விச்சின் ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன். இவை எல்லாம் சாதாரண மக்கள் கடையிலும் அஞ்சல் வழிப் பட்டியலிலும் வாங்கியவை. 1927இல் கைத்துப்பாக்கிகளை அஞ்சலில் அனுப்பக் கூடாது என்று சட்டம் வரும்வரை தபால்காரரே கொண்டுவந்து கொடுத்தார். ஏராளமாகச் செய்யப்பட்டதால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. நல்ல நிலையில் உள்ளவையே நூறிலிருந்து இருநூறு டாலருக்குள் அகப்படும்.

அவற்றில் ஐவர் ஜான்சனை முதலில் எடுக்கச் சொல்வதற்கு அதன் உள்வேலைதான் காரணம். நார்வேயிலிருந்து வந்த ஐவர் ஜான்சன், மார்ட்டின் பை என்பவரோடு கூட்டாக 1871இல் வூஸ்டரில் தொடங்கிய பட்டறை அது. 1891இல் ஃபிட்ச்பர்க்குக்கு மாறியது. துப்பாக்கியோடு மிதிவண்டியும் செய்தார்கள். 1894 வாக்கில் வந்த சேஃப்டி ஆட்டோமேட்டிக்கில் பின்னாலிருந்து அடிக்கும் ஹேமர், தோட்டாவைக் குத்தும் ஊசியை நேராகத் தொடாது. ட்ரிக்கரை முழுதாக இழுத்தால் மட்டும் ஒரு தகடு மேலே ஏறி, ஹேமருக்கும் ஊசிக்கும் நடுவில் நிற்கும். அடி அதன் வழியாகப் போகும். கை தவறிக் கீழே விழுந்தாலோ ஹேமர்மேல் அடி பட்டாலோ வெடிக்காது. ‘ஹேமரைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள்’ என்றே விளம்பரம் செய்தார்கள். இன்றைய பல ரிவால்வர்களில் இருக்கும் பாதுகாப்புத் தகடு இதே யோசனைதான். இவ்வளவு நல்ல பொறியியல் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது சேகரிப்பவர்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம்.

பெயரில் உள்ள ‘ஆட்டோமேட்டிக்’ தானாகச் சுடுவதைக் குறிக்கவில்லை. லாட்சைத் தூக்கிக் குழலைக் கீழே மடக்கினால் காலி ஓடுகள் தானாக வெளியே தள்ளப்படும். அதைத்தான் அப்படிச் சொன்னார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மடக்கு அமைப்பு புதிதல்ல. பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரும், அதன் வழியில் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வரும் இப்படித்தான் திறக்கும்.

1901 செப்டம்பர் 6ஆம் தேதி பஃபலோ நகரக் கண்காட்சியில் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்டதும் ஒரு .32 ஐவர் ஜான்சன்தான். அது பஃபலோ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘அதே மாடல்’ என்று சொல்லி விலையை ஏற்றுகிற விற்பனையாளர்கள் உண்டு. அதே மாடலில் எண்ணற்றவை வந்திருக்கின்றன. அதற்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டம், சுருக்கமாக

அமெரிக்க மத்திய சட்டத்தில் 1898 முடிவதற்குள் செய்யப்பட்டவை ‘பழம்பொருள்’ வகை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவற்றைச் சாதாரணத் துப்பாக்கியாகக் கணக்கிடுவதில்லை. அதற்குப் பின் வந்து 50 வயது தாண்டியவை ‘அரும்பொருள்’ வகையில் வரும். அவற்றை மாநிலம் கடந்து வாங்கச் சேகரிப்பாளர் உரிமம் இருக்கிறது: மூன்று வருடத்துக்கு 30 டாலர். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனித்தனியாக இறுக்கிப் பிடிக்கும், அதனால் வாங்கும் முன் உங்கள் மாநிலத்தில் விசாரியுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்கவே கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். பழுதுபார்த்தால்கூடச் சுட முடியாத, பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு மட்டுமே விலக்கு. கீழே வருகிற துப்பாக்கி பழுதுபார்த்தால் சுடக்கூடியது. எனவே அந்த விலக்கு இதற்குப் பொருந்தாது. தாத்தா காலத்து ரிவால்வர் உரிமத்தோடு வீட்டில் இருப்பவர்களுக்குத் துரு, மெழுகு, கைப்பிடி பற்றிய பகுதிகள் அப்படியே உதவும்.

எந்த மாடல் என்று கண்டுபிடிப்பது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வேலையும் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு மாடல்களும் கரும்பொடி என்ற பழைய வெடிமருந்துத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. 1909இல் வந்த மூன்றாம் மாடல்தான் அதைவிட அதிக அழுத்தம் தரும் இன்றைய புகையில்லாப் பொடியைத் தாங்கும்படி மாற்றி அமைக்கப்பட்டது. மூன்றும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பிபோல் இருக்கும்.

லாட்சைப் பாருங்கள். ஃப்ரேமின் மேலே ஒற்றைத் தூண்போல நின்றால் முதல் மாடல். இரண்டு தூண்களுக்கு நடுவில் லாட்ச் உட்கார்ந்தால் இரண்டாம் அல்லது மூன்றாம் மாடல். அடுத்து சிலிண்டர். ட்ரிக்கரைத் தொடாமல், ஹேமர் இறங்கிய நிலையில் சிலிண்டரை விரலால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றினால் கரும்பொடி மாடல். இரண்டு பக்கமும் பூட்டி நின்றால் மூன்றாம் மாடல். கடைசியில் கைப்பிடிப் பலகையைக் கழற்றி உள்ளே பாருங்கள்: பட்டை ஸ்பிரிங் இருந்தால் கரும்பொடி, சுருள் ஸ்பிரிங் இருந்தால் மூன்றாம் மாடல்.

ஆந்தையும் ஒரு அடையாளம் சொல்லும். முதல் இரண்டு மாடல்களில் ஆந்தை குழலின் பக்கம் முன்னால் பார்க்கும்; மூன்றாம் மாடலில் பின்னால் திரும்பியிருக்கும். ஆனால் பலகையை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். ஆந்தையை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம். ஸ்பிரிங்தான் கடைசித் தீர்ப்பு.

இங்கே உள்ளதில் இரட்டைத் தூண், தாராளமாகச் சுற்றும் சிலிண்டர், பட்டை ஸ்பிரிங், முன்னால் பார்க்கும் ஆந்தை. நான்கும் ஒத்துப்போகின்றன. கைப்பிடியின் அடியில் பொறித்த காப்புரிமைத் தேதிகளில் கடைசி 1896 ஆகஸ்ட் 25. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: அது காப்புரிமை கொடுத்த தேதி, துப்பாக்கி செய்த தேதி அல்ல. இரண்டாம் மாடல் 1908 வரை வந்தது. ‘1896 என்று போட்டிருக்கிறது, ஆகவே பழம்பொருள்’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஃப்ரேமில் இடது பலகைக்கு அடியில் இருக்கும் வரிசை எண்ணையும், அதன் முன்னால் உள்ள எழுத்தையும் சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியலோடு ஒப்பிட்டால்தான் வருடம் தெரியும். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் பத்து வருடம்வரை தப்பாகும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

முதலில் தோட்டா. லாட்சைத் தூக்கி, குழலை மடக்கி, ஐந்து அறையையும் வெளிச்சத்தில் பாருங்கள். பழைய மேசை இழுப்பறையிலிருந்து வரும் இந்தத் துப்பாக்கிகள் தோட்டாவோடு வருவது சகஜம். லாட்ச் இறுகித் திறக்கவில்லை என்றால் அதைக் குண்டு போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, சிலிண்டருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் ஓட்டின் விளிம்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தாலும், நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டாலும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் தட்டிப் பார்க்காதீர்கள்.

பிறகு கீல். துப்பாக்கியை மூடி, குழலை ஒரு கையிலும் கைப்பிடியை மறு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. மேலும் கீழும் ‘டொக்’ என்று அடித்தால் லாட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது கீல் திருகு தளர்ந்திருக்கிறது. குழலின் பின்முனைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டால் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. அதைவிடக் கனமான தகடு தாராளமாக நுழைந்தால் தேய்மானம் அதிகம்.

ஓடு தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரம் முழுசாக இருக்கிறதா பாருங்கள். அது போயிருந்தால் வாங்காதீர்கள், ஏனென்றால் இந்தப் பாகங்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அரத்தால் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. கழற்றி விற்கும் கடையில் வாங்கினாலும் அப்படியே உட்காராது. மூன்றாம் மாடலின் பாகம் இரண்டாம் மாடலில் ஏறவே ஏறாது. நூறு டாலர் துப்பாக்கிக்கு எண்பது டாலர் பாகம் தேடித் திரிவதைவிட, முழுசான இன்னொன்றை வாங்கிவிடலாம்.

நிக்கலைப் பற்றி ஒன்று. பழைய நிக்கல் துப்பாக்கியில் ட்ரிக்கர் கார்டு நீலக்கருப்பாகவும் ஹேமர் பலவண்ணச் சாயலோடும் இருந்தால் பெரும்பாலும் கம்பெனி வேலை. எல்லாமே ஒரே வெள்ளி நிறத்தில் மினுமினுத்தால் யாரோ பின்னாளில் மறுமுலாம் போட்டிருக்கிறார்கள். எழுத்துப் பொறிப்பின் விளிம்பு வட்டமாகித் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். பளபளப்பாக்கும்போது முதலில் போவது அதுதான். முலாம் உரிந்த அசல் துப்பாக்கி, மின்னும் மறுமுலாமைவிட மதிப்பானது.

சாமான்கள்

0000 ஸ்டீல் வுல் (மிக மெல்லிய எஃகு நார்) ஒரு பொட்டலம். காய்ச்சி வடித்த நீர் 4 லிட்டர். ஊடுருவும் எண்ணெய்: ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் அசிட்டோனும் சமபாகம், 50 மில்லி போதும். மண்ணெண்ணெய் அரை லிட்டர். பித்தளைப் பிரஷ், பழைய டூத் பிரஷ், பருத்தித் துணி. செம்புத் துண்டு ஒன்று, அதன் கதை பின்னால் வருகிறது. ரெனைசான்ஸ் மெழுகு 65 மில்லி டப்பா. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான நுண்படிக மெழுகு, ஒரு டப்பா வாங்கினால் பல துப்பாக்கிக்கு வரும். மெதுவாக இறுகும் எபாக்சி, விளக்குக்கரி, சிலிக்கான் அச்சு மாவு.

திருப்புளியில்தான் காசு செலவழிக்க வேண்டும். சாதாரண திருப்புளியின் நுனி ஆப்புபோல் சரிந்திருக்கும். அழுத்தினால் மேலேறி, திருகின் வாயைக் கிழித்துவிடும். நுனியின் இரு பக்கமும் இணையாக இருந்து, வாயின் அகலத்தையும் கனத்தையும் முழுசாக நிரப்ப வேண்டும். தனி செட் வாங்க முடியாவிட்டால், கெட்டியான பழைய திருப்புளியை அரத்தில் தேய்த்து ஒவ்வொரு திருகுக்கும் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். தேய்க்கும்போது சூடேறி நுனி நீலமானால் இளகிவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். வாய் கிழிந்த திருகு ஒன்று போதும், அடுத்தவர் பார்த்தவுடனே ‘கத்துக்குட்டி கை வைத்தது’ என்று சொல்லிவிடுவார்.

கைப்பிடி கழற்றுவது

பலகை கடின ரப்பர். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், நூற்றுச் சொச்சம் வயதில் பிஸ்கட்போல் நொறுங்கும். விளிம்பில் கத்தியோ திருப்புளியோ விட்டு நெம்பினால் ஒரு துண்டு கையோடு வரும். இந்தத் துப்பாக்கியின் உடைந்த மூலையும் அப்படித்தான் போயிருக்க வேண்டும், ஏனென்றால் அதே இடத்தில் ஃப்ரேமில் நெம்பிய கீறல் இருக்கிறது.

சரியான முறை இது. நடுத்திருகை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுசாகக் கழற்ற வேண்டாம். இப்போது திருகின் தலையைத் திருப்புளியின் கைப்பிடியால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். திருகின் மறுமுனை எதிர்ப்பலகையின் பித்தளைப் பொட்டில் மரை ஏறியிருப்பதால், அது அந்தப் பலகையை உள்ளிருந்து வெளியே தள்ளும். அது விலகியதும் திருகைக் கழற்றி, திறந்த பக்கத்தின் வழியாக விரல் விட்டு இந்தப் பலகையை உள்ளிருந்து தள்ளுங்கள். அசையவில்லை என்றால் விளிம்பில் ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள்.

கழற்றிய பலகையை வெந்நீரில் போடாதீர்கள், ஆல்கஹால் தொடாதீர்கள். வெயிலும் காற்றும் பட்டு மேல்தோல் பழுப்பாகி, கந்தகம் அமிலமாகி நிற்கும். நீர் பட்டால் பழுப்பு இன்னும் தூக்கிக் காட்டும். காய்ந்த டூத் பிரஷால் கட்டங்களுக்குள் உள்ள அழுக்கைத் தட்டி எடுத்து, மெழுகு ஒரு தடவை பூசினால் போதும். பழுப்பைக் கருப்பாக்கச் சாயம் பூசுபவர்கள் உண்டு. அது ஒரு மாதத்தில் கையில் ஒட்டும்.

பிரிப்பது

பட்டை ஸ்பிரிங்: ஹேமரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங் வளைந்திருக்கும்போது, வாயில் தோல் சுற்றிய லாக்கிங் குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹேமரை முன்னால் விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து கொக்கியிலிருந்து வெளியே வரும். குறட்டால் அதிகமாக நெரித்தால் ஸ்பிரிங் ஒடியும். பழைய பட்டை ஸ்பிரிங் எச்சரிக்கை தராமல் ஒடியும் என்பதை மனதில் வையுங்கள்.

சிலிண்டர்: குழலை முழுதாக மடக்கி, சிலிண்டரைப் பின்னால் இழுத்தபடியே திருகு கழற்றுவதுபோல் சுற்றினால் வெளியே வரும். வரவில்லை என்றால் பலம் காட்டக் கூடாது; பழைய எண்ணெய் பசையாகி இறுகியிருக்கும். இங்கே அதுதான் நடந்தது. சிலிண்டரின் நடுத்துளையில் மூன்று நாள் காலை, மாலை இரண்டு துளி ஊடுருவும் எண்ணெய் விட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மாலை லேசாக ஆடியது, அப்புறம் மண்ணெண்ணெயில் ஊறவைத்ததும் கழன்றது. உள்ளே வந்தது தேன்போன்ற பழுப்புப் பசை. மணல் அரைக்கும் உணர்வுக்கு அதுவும் அதில் ஒட்டிய துருப் பொடியும்தான் காரணம்.

கீல் திருகைக் கழற்ற வேண்டாம். இறுகியிருந்தால் வாய் கிழியும், கழன்றால் திரும்பப் பொருத்தும்போது ஆட்டம் கூடும். லாபம் எதுவுமில்லை. ட்ரிக்கர் கார்டை எடுக்கும்போது மட்டும் துப்பாக்கியை ஒரு பெரிய தெளிந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பைக்குள்ளேயே வேலை செய்யுங்கள். அதன் பின் (pin) கழன்றவுடன் பறக்கும் சின்ன ஸ்பிரிங் பைக்குள்ளேயே விழும். மாற்று வாங்க முடியாத பாகம் கம்பளத்தில் காணாமல் போனால் மொத்த வேலையும் அங்கேயே நின்றுவிடும்.

ஒவ்வொரு படியிலும் செல்பேசியில் ஒரு படம் எடுங்கள். பின்களை அட்டையில் துளைபோட்டு, எந்தப் பக்கம் எது என்று எழுதிக் குத்திவையுங்கள். ஒரே அளவுபோல் தெரியும் இரண்டு பின்களில் ஒன்று தலைமுடி அளவு பருமனாக இருக்கும். மாற்றித் தட்டினால் துளை பெரிதாகும்.

நிக்கலுக்கு அடியில் துரு

இந்த வேலையில் மிகவும் பொறுமை கேட்பது இது. நிக்கல் இரும்பைவிட ‘மேலான’ உலோகம். முலாம் முழுசாக இருக்கும்வரை இரும்பைக் காப்பாற்றும். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து ஈரம் புகுந்தால், இரண்டு உலோகமும் சேர்ந்து சின்ன மின்கலமாகி, கரைவது இரும்பாகிவிடும். துரு முலாமுக்கு அடியிலேயே பக்கவாட்டில் பரவி, வீங்கி, மேலே கொப்பளமாகத் தூக்கும். கொப்பளத்தைச் சுரண்டினால் முலாம் அத்தனையும் உரிந்து வரும். தேய்த்தால் இருக்கும் முலாமும் மெலிந்து புதிய ஓட்டை விழும்.

எனவே சுரண்டுவது துருவை மட்டும். கொப்பளத்தின்மேல் எண்ணெய் ஒரு துளி விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். செம்புத் துண்டின் முனையை உளிபோல் தட்டித் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் 1982க்கு முந்தைய ஒரு சென்ட் நாணயத்தையே எடுக்கிறார்கள், அது 95 சதவீதம் செம்பு. செம்பு நிக்கலைவிடவும் எஃகைவிடவும் மென்மையானது, ஊறிய துருவை மட்டும் உதிர்க்கும். பூதக்கண்ணாடி வழியே பார்த்தபடி, ஓட்டையின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தள்ளாமல், விளிம்பிலிருந்து நடுவுக்கு இழுங்கள். வெளியே தள்ளினால் முலாமின் உதடு தூக்கிக்கொள்ளும். வலப்பக்கக் குழலில் ஏழு கொப்பளம். ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆகும். செம்புக் கோடு விழுந்தால் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போய்விடும்.

துரு போன பின் கரும் குழி தெரியும். அப்படியே விடுங்கள். குழலைச் சுத்தம் செய்ய விற்கும் அம்மோனியா கலந்த கரைப்பானை நிக்கல்மேல் விடாதீர்கள். முலாமுக்கு அடியில் செம்புப் படிவம் இருந்தால் விரிசல் வழியாகப் புகுந்து அதைக் கரைத்து, நிக்கலைத் தகடுபோல் உரித்துவிடும். கடையில் விற்கும் துரு கரைக்கும் திரவங்களும் வேண்டாம்.

ட்ரிக்கர் கார்டைக் கொதிக்க வைப்பது

இதில்தான் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் கிடைக்கும். செந்துருவைக் கொதிக்கும் நீரில் வைத்தால் அது கருந்துருவாக, அதாவது காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட்டாக மாறும். செந்துரு ஈரத்தை இழுத்து மேலும் அரிக்கும். கருந்துரு கெட்டியாக ஒட்டி நின்று காக்கும். பழைய நீலக்கருப்பு நிறமும் ஏறக்குறைய அதே பொருள்தான். அதனால் உயிரோடு இருக்கும் பழைய நிறம் போகாது, துருப்பிடித்த இடம் மட்டும் கருக்கும்.

கார்டை அசிட்டோனில் கழுவி எண்ணெயை முழுக்கப் போக்குங்கள். அதற்கப்புறம் வெறுங்கையால் தொடக் கூடாது. எஃகுப் பாத்திரத்தில் காய்ச்சி வடித்த நீர் கொதிக்க, கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. 30 நிமிடம். குழாய் நீர் போட்டால் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டாகப் படியும், அதை எடுப்பது தனி வேலை. வெளியே எடுத்ததும் சூட்டிலேயே நீர் ஆவியாகிப் போகும். செந்துரு இருந்த இடமெல்லாம் வெல்வெட் துணிபோல் கருப்பாக இருக்கும். எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் தடவினால் பொடி உதிர்ந்து, அடியில் கெட்டியான கருப்பு நிற்கும். ஸ்டீல் வுல்லில் கம்பெனி எண்ணெய் இருக்கும். அசிட்டோனில் அலசிக் காயவைக்காவிட்டால் அடுத்த சுற்றில் திட்டுத்திட்டாக வரும். இந்தக் கார்டுக்கு நான்கு சுற்று தேவைப்பட்டது. நான்காம் முறை தடவும்போது விரலில் சிவப்பு வரவில்லை என்றால் முடிந்தது.

நிக்கல் பாகங்களையும் ஸ்பிரிங்குகளையும் இந்தப் பாத்திரத்தில் போடாதீர்கள்.

குழலும் அறைகளும்

கரும்பொடிக் கசடும், அந்தக் காலத்து எரிமூட்டிகளின் (தோட்டாவின் அடியிலிருந்து பொடியைப் பற்றவைப்பவை) உப்பும் எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். நூறு வருடமாக யாரோ எண்ணெய் மட்டும் விட்டுத் துடைத்திருந்தால், உப்பு எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுகொண்டேதான் இருக்கும். எனவே வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணித்துண்டு பத்து, காய்ந்தது பத்து, பிறகு எண்ணெய். நீரை ஊற்றாதீர்கள், கீலுக்குள் போனால் வெளியே வராது.

ஈயம் படிந்திருந்தால் செம்புத் தேய்ப்பு நாரின் இழையைப் பழைய பிரஷில் சுற்றி இழுக்கலாம். நார் வாங்கியதும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்புப் பூச்சு பூசிய எஃகு. குழலுக்குள் உள்ள சுருள் கோடுகளைக் கீறிவிடும்.

உடைந்த மூலை

ஆந்தை இரண்டு பலகையிலும் முன்னால் பார்ப்பதால், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஆந்தை உடைந்திருந்தால் எதிர்ப்பலகையிலிருந்து அச்சு எடுத்துப் பயனில்லை. இங்கே போனது கட்டங்கள் உள்ள மூலை மட்டும் என்பதால் தப்பித்தோம். உடையாத இடத்தில் கட்டங்கள்மேல் மெழுகு தடவி, சிலிக்கான் மாவை அழுத்தி அச்சு எடுத்துக்கொள்ளலாம்.

ஃப்ரேமில் மெழுகை இரண்டு முறை பூசி, பலகையைத் திருகிப் பொருத்துங்கள். எபாக்சியில் விளக்குக்கரியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து கருப்பாக்குங்கள். பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் இறுகாமல் பொடியும். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், குமிழி போக நேரம் இருக்காது. காலியான மூலையில் கொஞ்சம் அதிகமாகவே நிரப்பி, அச்சைக் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட்டு அழுத்தி, 24 மணி நேரம் விடுங்கள். வெளிவிளிம்பை 400, பிறகு 800 உப்புத்தாளால் ஃப்ரேமின் வளைவோடு சமப்படுத்துங்கள். தேய்ப்பதற்கு முன் நிக்கலுக்கு மூன்று சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டு தெரியும். தெரிய வேண்டும், வாங்குபவரிடம் மறைக்கிற ஒட்டு ஏமாற்று வேலை.

பூட்டுவது, வைப்பது

அசையும் இடங்களில் ஊசி முனையில் எடுத்த எண்ணெய் போதும். லாட்ச் இப்போது கட்டைவிரலால் தூக்கினால் ஏறுகிறது, விட்டால் தானாக இறங்குகிறது. மடக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் எழும்பி, கடைசி முனையில் ‘டிக்’ என்று பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அந்தச் சத்தம் கேட்டால் கொக்கி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மெழுகை விரல்நுனியில் பட்டாணி அளவு எடுத்து மெலிதாகப் பூசி, அது காய்வதற்குள் பருத்தித் துணியால் தேய்த்துவிடுங்கள். துருக்குழிகளுக்குள் மெழுகை டூத் பிரஷால் தள்ளுங்கள், ஈரம் புகும் வழி அங்கேதான். பருத்திக் கையுறை போட்டுத் தூக்கிப் பழகுங்கள்.

தோல் உறையில் வைக்கவே கூடாது. தோல் பதனிட்ட அமிலமும் உப்பும் ஈரத்தைப் பிடித்துவைத்து, உறை தொட்ட வடிவத்திலேயே துருவை வரைந்துவிடும். நுரைப் பெட்டியும் அதேபோல் ஈரம் பிடிக்கும். அமிலமில்லாத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். ஹேமர் இறங்கியே இருக்கட்டும்.

கூடவே ஓர் அட்டை: வரிசை எண் முன்னெழுத்தோடு, எந்த மாடல், என்ன செய்யப்பட்டது, இடது பலகையின் மூலை எபாக்சி, ட்ரிக்கர் கார்டு கொதிநீரில் மாற்றப்பட்டது, குழல் நிக்கலில் ஏழு குழி. கடைசி வரியில் பெரிய எழுத்தில்: கரும்பொடி மாடல், புதிய தோட்டா போடக் கூடாது. .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது, இதன் அறைக்குள் அழகாக நுழையும், அதுதான் ஆபத்து.

மூன்று மாதம் கழித்து எடுத்து வெள்ளைத் துணியால் அந்த ஏழு குழிகளையும் ஒவ்வொன்றாக ஒற்றிப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் மெழுகு நிற்கிறது. ஏதாவது ஒன்றில் பழுப்பு ஒட்டினால் அந்தக் குழியில் மட்டும் எண்ணெய், செம்பு, மெழுகு மூன்றையும் மறுபடி செய்யுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள்.